லினக்ஸில் புளூடூத் ஹெட்போன் ஒத்துழைக்காதபோது: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் முறை

லினக்ஸ் கணினியில் புளூடூத் ஹெட்போன் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொல்வதில்லை. ஒருவருக்கு ஹெட்போனின் பெயரே திரையில் தோன்றுவதில்லை. இன்னொருவருக்குப் பெயர் தோன்றி, இணைந்து, இரண்டு நொடியில் அறுந்துவிடுகிறது. மூன்றாமவருக்குப் பாட்டு நன்றாகக் கேட்கிறது, ஆனால் இணையவழிக் கூட்டத்தில் சேர்ந்த நொடியில் ஒலி தரைமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. இவற்றின் காரணங்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால்தான் ஒருவருக்குப் பலித்த கட்டளை அடுத்தவருக்குப் பலிப்பதில்லை. கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் வரிசையாக ஓட்டிப் பார்ப்பதும், பொறுமையிழந்து இயங்குதளத்தையே மீண்டும் நிறுவுவதும் தேவையற்ற உழைப்பு. அறிகுறியைச் சரியாகப் பார்த்தால் குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

எந்தெந்த அடுக்குகள் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அடியில், இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலின் இயக்கி இருக்கிறது. பெரும்பாலான மடிக்கணினிகளில் அதன் பெயர் பிடியூஎஸ்பி. வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில் இருந்தாலும், புளூடூத் பகுதி உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டிருப்பதால் இந்தப் பெயர். அந்த இயக்கி சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு அடுத்தது. அதற்கு மேலே புளூஸீ என்னும் மென்பொருளின் பின்னணிச் சேவை ஜோடி சேர்ப்பதையும் இணைப்பதையும் கவனிக்கிறது. ஒலியைக் குறியீடாக்கி அனுப்புவது அதன் வேலை அல்ல. அதைப் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்னும் ஒலிச் சேவையகம் செய்கிறது. நாம் பார்க்கும் அமைப்புகள் சாளரம் எல்லாவற்றுக்கும் மேலே நின்று, கீழே நடப்பதை ஒற்றை வரியில் சொல்கிறது. "இணைக்க முடியவில்லை" என்ற அந்த வரியை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

உங்கள் கணினியில் ஓடுவது பைப்வயரா பல்ஸ்ஆடியோவா என்பது பல இடங்களில் தேவைப்படும். ஃபெடோரா 2021இல் வந்த 34ஆம் பதிப்பிலிருந்தும், உபுண்டு 22.10இலிருந்தும், லினக்ஸ் மின்ட் 22இலிருந்தும் பைப்வயரை ஒலிக்கு இயல்பாகப் பயன்படுத்துகின்றன; டெபியன் 12இன் க்னோம் மேசைத்தளமும் அப்படியே. உபுண்டு 22.04இலும் மின்ட் 21இலும் பல்ஸ்ஆடியோதான் இயல்பு. ஐயமிருந்தால் "பிஏசிடிஎல் இன்ஃபோ" என்ற கட்டளை காட்டும் சேவையகப் பெயர் என்ற வரியைப் பாருங்கள். பல்ஸ்ஆடியோ என்ற பெயருக்கு அருகே பைப்வயர் என்றும் எழுதியிருந்தால் உண்மையில் ஓடுவது பைப்வயர். இந்தக் கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும். "சிடிஎல்" என்று முடிபவை எல்லாம் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளில் முடிபவை.

புளூடூத்தே இல்லை என்று கணினி சொல்கிறது

அமைப்புகள் சாளரம் புளூடூத் கருவி எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னாலோ, பொத்தானைத் தள்ளினால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பினாலோ, ஹெட்போனைத் தொடவே வேண்டாம். குறை கணினிப் பக்கம் இருக்கிறது. முதலில் "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்று கேளுங்கள். அலைவரிசைக் கருவிகள் தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை அது காட்டும். மென்தடை இருந்தால் "ஆர்எஃப்கில் அன்பிளாக் புளூடூத்" என்ற கட்டளை அதை நீக்கிவிடும். வன்தடை இருந்தால் எந்தக் கட்டளையும் உதவாது. மடிக்கணினியின் பக்கவாட்டுச் சுவிட்சையோ, விமானப் பயன்முறை விசையையோ, பயாஸ் அமைப்பையோதான் மாற்ற வேண்டும்.

தடை எதுவும் இல்லையென்றால், "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் புளூடூத்" என்று சேவையின் நிலையைப் பாருங்கள். ஆர்ச் போன்ற வழங்கல்களில் புளூஸீயை நிறுவினாலும் சேவை தானாகத் தொடங்குவதில்லை. "சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் புளூடூத்" என்று ஒருமுறை சொன்னால் போதும். முன்னால் வரும் சூடோ, கட்டளையை நிர்வாகியின் பெயரில் ஓட்டுவதற்கு.

சேவை ஓடியும் அடாப்டர், அதாவது கணினியின் புளூடூத் கருவி, தெரியாவிட்டால் கெர்னலின் பதிவேட்டைப் படிக்க வேண்டும். "சூடோ ஜர்னல்சிடிஎல் -கே -பி" என்ற கட்டளை இந்தத் தொடக்கத்தின் கெர்னல் செய்திகளைத் தரும். அதில் புளூடூத் என்ற சொல் வரும் வரிகளை மட்டும் தேடுங்கள். ஃபர்ம்வேர் ஏற்றம் தோல்வி, பிழை எண் -2 என்று ஒரு வரி இருந்தால், கேட்ட கோப்பு வட்டில் இல்லை என்று பொருள். டெபியன் 12க்கு முந்தைய பதிப்புகளின் வழக்கமான நிறுவல் வட்டுகளில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் சேர்க்கப்படாததால் இந்தக் குறை அவற்றில் அடிக்கடி வரும்; உரிய ஃபர்ம்வேர் பொதியை நிறுவி மறுதொடக்கம் செய்தால் தீரும். பழைய பிராட்காம் சில்லுகளின் நிலை வேறு. அவை கேட்கும் எச்சிடி வகைக் கோப்புகளில் பல லினக்ஸின் பொது ஃபர்ம்வேர் தொகுப்பில் இல்லை. பதிவேட்டில் எந்தப் பெயருள்ள கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறதோ, அதே பெயரில் பிராட்காம் ஃபர்ம்வேர் அடைவுக்குள் அதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

இன்டெல் அட்டைகளில் கட்டளை 0xஎஃப்சி05க்குப் பதில் வரவில்லை, நேரம் கடந்துவிட்டது என்ற செய்தி வருவதுண்டு. இது கோப்புக் குறை அல்ல. சில்லே திகைத்து நிற்கிறது. மறுதொடக்கம் செய்யும்போது சில்லுக்கு மின்சாரம் நிற்பதில்லை என்பதால் அது பயன்படாது. கணினியை முழுதாக அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள்.

தனியாக வாங்கிய யூஎஸ்பி டாங்கிளில் குறை இருந்தால் "எல்எஸ்யூஎஸ்பி" காட்டும் அடையாள எண்ணைப் பாருங்கள். 0ஏ12:0001 என்பது சிஎஸ்ஆர் நிறுவனச் சில்லின் எண். சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் டாங்கிள்களில் பல, இதே எண்ணைப் போட்டுக்கொண்ட போலிகள். கெர்னலில் இவற்றுக்கென்றே மாற்று வழிகள் எழுதப்பட்டுள்ளன, புதிய கெர்னலில் சில வேலை செய்கின்றன. ஆயினும் இப்படிப்பட்ட ஒன்றோடு போராடுவதைவிட வேறு சில்லுள்ள டாங்கிளை வாங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது என் உறுதியான கருத்து.

ஹெட்போனின் பெயர் பட்டியலில் வரவில்லை

இங்கே குறை பெரும்பாலும் லினக்ஸில் இருப்பதில்லை. ஹெட்போனை இயக்கியவுடன் அது கடைசியாகப் பழகிய கைபேசியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டபின் புதிய கருவிகளுக்குத் தன்னைக் காட்டுவதில்லை. கைபேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டு, ஹெட்போனை ஜோடி சேர்க்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். வெறுமனே இயக்குவது வேறு, ஜோடி சேர்க்கும் நிலை வேறு. பொத்தானைச் சில நொடிகள் விடாமல் அழுத்தினால் விளக்கு வேகமாக மின்னத் தொடங்கும். காதுக்குள் வைக்கும் வகைகளில் பொத்தான் பெட்டியில் இருக்கலாம்.

சில ஹெட்போன்கள் பட்டியலில் இரண்டு பெயர்களில் தோன்றும். சோனியின் சில மாதிரிகளில் ஒரு பெயருக்கு முன்னால் எல்இ என்ற எழுத்துகள் இருக்கும். அது குறைந்த மின்திறன் வகை அறிவிப்பு, பாட்டுக் கேட்பதற்கு உதவாது. முன்னொட்டு இல்லாத பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

ஜோடி சேர மறுக்கிறது

பெயர் தெரிகிறது, அழுத்தினால் தோல்வி என்கிறது. முன்பு ஒருமுறை பாதியில் நின்ற ஜோடியின் மிச்சம் இரண்டு பக்கங்களில் ஏதேனும் ஒன்றில் தங்கியிருப்பது இதற்கு வழக்கமான காரணம். எனவே இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். ஹெட்போனை அதன் கையேட்டில் சொன்னபடி தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். கணினியில் முனையத்தைத் திறந்து "புளூடூத்சிடிஎல்" என்று இட்டு உள்ளே செல்லுங்கள். அங்கே "ஸ்கேன் ஆன்" என்றால் அருகிலுள்ள கருவிகளின் முகவரிகள் ஓடத் தொடங்கும். ஹெட்போனின் முகவரியைக் குறித்துக்கொண்டு "ரிமூவ்" என்ற கட்டளையோடு அதைக் கொடுத்துப் பழைய பதிவை நீக்குங்கள். அது மீண்டும் பட்டியலில் தோன்றியதும் "பேர்", "டிரஸ்ட்", "கனெக்ட்" ஆகிய மூன்றையும் இதே வரிசையில், ஒவ்வொன்றோடும் முகவரியைச் சேர்த்துக் கொடுங்கள். கடைசியில் "ஸ்கேன் ஆஃப்" என்று தேடலை நிறுத்த மறக்க வேண்டாம். அதன் காரணம் பின்னால் வருகிறது.

நடுவிலுள்ள நம்பிக்கைக் கட்டளையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டாலும் அன்றைக்கு ஒலி வரும். மறுநாள் ஹெட்போனை இயக்கும்போது அது தானாக இணைய முயலும், கணினி ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் அல்லது மௌனமாக மறுக்கும். "தினமும் கையால் இணைக்க வேண்டியிருக்கிறது" என்ற புகாருக்கு "இன்ஃபோ" கட்டளையின் வெளியீட்டில் நம்பிக்கை என்ற வரிக்கு எதிரே இல்லை என்று இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ஜோடி சேர மறுத்தால் கூடுதலாக ஒரு வழி உண்டு. ஈடிசி அடைவுக்குள் புளூடூத் அடைவில் இருக்கும் மெயின்.கான்ஃப் கோப்பில் கன்ட்ரோலர்மோட் என்ற வரியின் மதிப்பைப் பிஆர்இடிஆர் என்று மாற்றி, சேவையை மறுதொடக்கம் செய்து, ஜோடி சேர்த்தபின் மீண்டும் டூயல் என்று திருத்திவிட வேண்டும். திருத்தாமல் விட்டால் குறைந்த மின்திறன் வகைச் சுட்டிகளும் விசைப்பலகைகளும் இணையாமல் போகும்.

இணைந்த உடனே அறுந்துவிடுகிறது

ஜோடி சேர்கிறது. இணைப்பு என்று ஒரு கணம் காட்டுகிறது. பின்னர் அறுந்துபோகிறது. புதியவர்களை மிக அதிகமாகக் குழப்புவது இந்த அறிகுறிதான், ஏனெனில் பார்ப்பதற்கு அலைவரிசைக் குறைபோல் தெரிகிறது. புளூடூத்சிடிஎல் வழியாக இணைத்துப் பாருங்கள். பிஆர்-கனெக்ஷன்-புரொஃபைல்-அன்அவெய்லபிள் என்று பிழை வந்தால் காரணம் உறுதியாகிவிடும். புளூஸீ கதவைத் திறந்திருக்கிறது, ஆனால் ஒலியைப் பெற்று அனுப்ப வேண்டிய ஒலிச் சேவையகம் அங்கே வந்து தன்னைப் பதிவுசெய்யவில்லை. கடத்த எதுவும் இல்லாத இணைப்பு உடனே மூடப்படுகிறது.

டெபியனிலும் உபுண்டுவிலும் பைப்வயரின் புளூடூத் பகுதி லிப்ஸ்பா-0.2-புளூடூத் என்ற தனிப் பொதியாக இருக்கிறது. குறைந்தபட்ச நிறுவலைத் தேர்ந்தெடுத்தவர்களிடமும், பல்ஸ்ஆடியோவிலிருந்து கையால் பைப்வயருக்கு மாறியவர்களிடமும் இது விடுபட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆர்ச்சில் அதே பகுதி பைப்வயர்-ஆடியோ என்ற பொதியில் வருகிறது. பல்ஸ்ஆடியோ ஓடும் கணினியில் தேவைப்படுவது பல்ஸ்ஆடியோ-மாட்யூல்-புளூடூத். உரியதை நிறுவியபின் ஒலிச் சேவையகத்தை மறுதொடக்கம் செய்யுங்கள். பைப்வயருக்கான கட்டளை இது; இதில் வரும் வயர்பிளம்பர், பைப்வயரோடு சேர்ந்து ஓடி ஒலிக் கருவிகளை நிர்வகிக்கும் துணைச் சேவை:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்பிளம்பர் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ்

இதற்குச் சூடோ கூடாது. ஒலிச் சேவையகம் பயனரின் பெயரில் ஓடுவது. நிர்வாகியின் பெயரில் கட்டளை கொடுத்தால் அது வேறோர் இடத்தில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும்.

பொதி இருந்தும் இதே பிழை வந்தால், இரண்டு சேவையகங்களும் ஒரே நேரத்தில் ஓடிப் போட்டியிடுகின்றனவா என்று பாருங்கள். இன்னொரு சாத்தியம் உள்நுழைவுத் திரை. பல்ஸ்ஆடியோ காலத்தில் க்னோமின் உள்நுழைவுத் திரை தனக்கென ஒரு பல்ஸ்ஆடியோவை ஓட்டி, ஹெட்போனைத் தானே பிடித்துவைத்துக்கொள்வதுண்டு. வயர்பிளம்பர் இதைத் தவிர்ப்பதற்காகத் திரைக்கு முன் செயலில் இருக்கும் பயனருக்கு மட்டுமே புளூடூத்தைத் தருகிறது. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக மட்டும் நுழையும் திரையில்லாக் கணினியில் ஹெட்போனோ ஸ்பீக்கரோ இணையாததற்கும் இதே ஏற்பாடுதான் காரணம். அங்கே வயர்பிளம்பரின் இருக்கைக் கண்காணிப்பை அமைப்புக் கோப்பில் அணைக்க வேண்டும்.

இணைந்திருக்கிறது, ஒலி இல்லை

இது எளிது. "பல்ஸ்ஆடியோ ஒலியளவுக் கட்டுப்பாடு" என்ற செயலியை நிறுவுங்கள். பைப்வயரோடும் அது வேலை செய்யும். அதன் அமைவாக்கத் தாவலில் ஹெட்போனுக்கு எதிரே அணைப்பு என்று இருந்தால் பாட்டுக் கேட்பதற்கான ஏ2டிபி புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஒலிக்கும் நிரல்களின் தாவலில் உலாவியோ பாட்டுச் செயலியோ இன்னும் பழைய ஸ்பீக்கருக்கே ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கலாம், ஏனெனில் ஒவ்வொரு நிரலுக்கும் முன்பு எந்தக் கருவியைக் கொடுத்தோம் என்பதைச் சேவையகம் நினைவில் வைத்திருக்கிறது. அங்கேயே மாற்றிவிடலாம்.

மைக் திறந்தவுடன் ஒலி கெட்டுவிடுகிறது

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் லினக்ஸின் மீது சுமத்தப்படும் இந்தப் பழியில் பெரும்பகுதி புளூடூத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

மரபுவழிப் புளூடூத் ஒலியில் இரண்டு தனித்தனி வழிகள் உள்ளன. ஏ2டிபி என்பது ஒருவழிப் பாதை: கணினியிலிருந்து ஹெட்போனுக்கு இரட்டைத் தட ஒலி நல்ல தரத்தில் செல்லும், மைக் கிடையாது. எச்எஃப்பி என்பது தொலைபேசி அழைப்புக்காக வகுக்கப்பட்ட இருவழிப் பாதை: மைக் உண்டு, ஆனால் ஒலி ஒற்றைத் தடம். முதல் பாதையில் எல்லா ஹெட்போன்களும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய எஸ்பிசி என்னும் கோடெக் (ஒலியைக் குறியீடாக்கும் முறை) உயர்தர அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட் வரை அனுப்புகிறது. சோனியின் எல்டாக் 990 கிலோபிட் வரை போகும். இரண்டாவது பாதையின் பழைய கோடெக்கான சிவிஎஸ்டி 64 கிலோபிட்டில், நொடிக்கு 8,000 மாதிரிகளோடு நின்றுவிடுகிறது. பின்னால் சேர்க்கப்பட்ட எம்எஸ்பிசி அதை 16,000 மாதிரிகளாக்கியது. பேச்சு தெளிவாகப் புரியும், பாட்டுக்கு அது போதாது.

கூட்டச் செயலியோ உலாவித் தாவலோ மைக்கைக் கேட்ட நொடியில், வயர்பிளம்பர் ஹெட்போனை ஏ2டிபியிலிருந்து எச்எஃப்பிக்குத் தானாக மாற்றுகிறது. மைக்கைப் பயன்படுத்தும் நிரல் மூடியபின் திரும்ப மாற்றுகிறது. எந்தத் தாவல் மைக்கைப் பிடித்திருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு ஒலி காரணமின்றிக் கெட்டதுபோல் தோன்றும். பல்ஸ்ஆடியோ ஒலியளவுக் கட்டுப்பாட்டின் பதிவுத் தாவல் அந்த நிரலின் பெயரைக் காட்டிவிடும்.

நான் எல்லோருக்கும் முதலில் பரிந்துரைப்பது ஒன்றுதான்: கேட்பதற்கு ஹெட்போன், பேசுவதற்கு மடிக்கணினியின் சொந்த மைக் அல்லது கம்பிவழி மைக். உள்ளீட்டுக் கருவியாக அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தானாக மாறுவதை அணைத்துவிட்டால் ஒலி எப்போதும் ஏ2டிபியிலேயே இருக்கும். 2024இல் வந்த வயர்பிளம்பர் 0.5 முதல் ஒரே கட்டளை போதும்:

டபிள்யூபிசிடிஎல் செட்டிங்ஸ் --சேவ் புளூடூத்.ஆட்டோசுவிட்ச்-டு-ஹெட்செட்-புரொஃபைல் ஃபால்ஸ்

0.4 பதிப்பில் இதே அமைப்பு லுவா மொழிக் கோப்பில் இருந்தது. உபுண்டு 24.04இல் இருப்பது 0.4 என்பதால், 0.5க்கு எழுதப்பட்ட குறிப்புகள் அங்கே செல்லாது. "வயர்பிளம்பர் --வெர்ஷன்" என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சந்தடியான இடத்தில் ஹெட்போனின் மைக்கேதான் வேண்டும் என்ற நிலை பலருக்கு உண்டு. அப்போது அமைவாக்கத் தாவலில் எச்எஃப்பி வரிசையில் எம்எஸ்பிசி என்று குறித்த புரொஃபைல் இருக்கிறதா என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள். சிவிஎஸ்டியோடு ஒப்பிட்டால் கேட்பவருக்கு வேறுபாடு நன்றாகவே தெரியும். பல்ஸ்ஆடியோவில் இந்த வசதி 2021 ஜூலையில் வெளிவந்த 15ஆம் பதிப்பில்தான் முறையாகச் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்கள் எத்தனை கோப்புகளைத் திருத்தினாலும் கிடைக்காது, மேம்படுத்துவதுதான் வழி.

ஒலி விட்டுவிட்டு வருகிறது

முதலில், புளூடூத் அமைப்புகள் சாளரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது திறந்திருக்கும் வரை அடாப்டர் புதிய கருவிகளைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒலிக்கு ஒதுக்க வேண்டிய நேரத்தைத் தேடல் தின்றுவிடும். புளூடூத்சிடிஎல்லில் தேடலை நிறுத்தச் சொன்னதும் இதனால்தான்.

அடுத்தது அலைவரிசை நெருக்கடி. மரபுவழிப் புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 79 அலைத்தடங்களுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டிருக்கிறது; பழைய வைஃபையும் அதே பட்டையில்தான் இயங்குகிறது. மடிக்கணினி அட்டைகளில் பல, இரண்டுக்கும் ஆன்டெனாவைப் பகிர்ந்துகொள்வதால், பெரிய கோப்பு ஒன்று பதிவிறங்கும்போது ஒலி தடுமாறும். கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது இங்கே எல்லா மென்பொருள் திருத்தங்களையும்விடப் பயனுள்ளது. யூஎஸ்பி 3 துளைகளும் அவற்றில் செருகிய வெளிவட்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்குகின்றன. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை அந்தத் துளையிலிருந்து எடுத்து, ஒரு யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கம்பியில் செருகி, மேசைமேல் திறந்த இடத்தில் வைத்தால் தடுமாற்றம் நின்றுவிடுவதைக் காணலாம். மனித உடலும் இந்த அலைகளை உறிஞ்சுவதால், காலடியில் இருக்கும் கணினிப் பெட்டியின் பின்பக்கம் டாங்கிளுக்கு மிக மோசமான இடம்.

இவற்றுக்குப் பிறகும் தடுமாறினால் கோடெக்கைக் குறைத்துப் பாருங்கள். எல்டாக் உச்ச வேகத்தில் நல்ல சூழலை எதிர்பார்க்கிறது. எஸ்பிசி அவ்வளவு எதிர்பார்ப்பதில்லை. நெரிசலான அடுக்குமாடிக் குடியிருப்பில் இடைவிடாத எஸ்பிசி, அடிக்கடி அறுபடும் எல்டாக்கைவிட மேல்.

முதல் சொல் விழுங்கப்படுகிறது, அல்லது உதடும் ஒலியும் பொருந்தவில்லை

சற்று நேரம் அமைதியாக இருந்தபின் வரும் ஒலியின் தொடக்கம் கேட்காமல் போனால், அது மின்சேமிப்பு ஏற்பாடு. ஐந்து நொடி ஒலியில்லாவிட்டால் வயர்பிளம்பர் அந்தக் கருவியை உறங்கவைக்கிறது. செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ் என்ற அமைப்பைப் புளூடூத் வெளியீடுகளுக்கு மட்டும் 0 ஆக்கினால் உறக்கம் நிற்கும். ஹெட்போனின் மின்கலம் சற்று விரைவாகக் குறையும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

காணொளியில் உதடு முன்னும் ஒலி பின்னுமாக வந்தால், ஏ2டிபியின் இயல்பான தாமதத்தைச் சேவையகம் சரியாகக் கணக்கிடவில்லை. பல்ஸ்ஆடியோ ஒலியளவுக் கட்டுப்பாட்டின் வெளியீட்டுக் கருவிகள் தாவலில், மேம்பட்டவை என்பதற்குள் தாமத ஈடு என்ற எண் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கண்ணால் பார்த்தே பொருத்தலாம். விஎல்சியில் மட்டும் சரிசெய்தால் போதும் என்றால் ஜே, கே ஆகிய விசைகள் ஒலியை முன்னும் பின்னும் நகர்த்தும்.

உறக்கத்திலிருந்து எழுந்தபின் இணைவதில்லை

மடிக்கணினியை மூடித் திறந்தபின் புளூடூத் செத்துக் கிடந்தால், சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்து பாருங்கள். பயனில்லையெனில் இயக்கியைக் கழற்றி மாட்டுங்கள்: "சூடோ மாட்ப்ரோப் -ஆர் பிடியூஎஸ்பி", பிறகு "சூடோ மாட்ப்ரோப் பிடியூஎஸ்பி". இதனால் உயிர் வந்தால், யூஎஸ்பி மின்சேமிப்பு காரணமா என்று சோதிக்க வேண்டும். மாட்ப்ரோப்.டி அடைவில் ஒரு புதிய கோப்பில் இந்த வரியை எழுதுங்கள்:

ஆப்ஷன்ஸ் பிடியூஎஸ்பி எனேபிள்_ஆட்டோசஸ்பெண்ட்=0

டிஎல்பி என்னும் மின்சேமிப்புக் கருவியைப் பயன்படுத்துவோர் அதன் அமைப்பிலும் புளூடூத்துக்கு விலக்களிக்க வேண்டும். இல்லையெனில் இரண்டு அமைப்புகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்.

விண்டோஸுக்குப் போய் வந்தால் இணைப்பு போய்விடுகிறது

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், ஒன்றில் ஜோடி சேர்த்ததும் மற்றொன்றில் இணைப்பு மறுக்கப்படும். இரண்டு இயங்குதளங்களும் ஒரே அடாப்டர் முகவரியோடு பேசுவதால் ஹெட்போனுக்கு அவை ஒரே கணினிதான். அந்தக் கணினிக்கு ஒரு சாவியை மட்டுமே அது வைத்திருக்கிறது. புதிய ஜோடி சேரும்போது பழைய சாவி அழிகிறது. ஒவ்வொரு முறையும் நீக்கிச் சேர்ப்பது தீர்வாகாது. இரண்டுக்கும் ஒரே சாவியைக் கொடுக்க வேண்டும்.

முதலில் லினக்ஸில் ஜோடி சேருங்கள். பிறகு விண்டோஸில் சேருங்கள். இப்போது ஹெட்போனிடம் இருப்பது விண்டோஸின் சாவி. லினக்ஸுக்குத் திரும்பி, விண்டோஸ் பகிர்வைத் திறந்து, சிஎச்என்டிபிடபிள்யூ என்னும் கருவியால் அதன் சிஸ்டம் பதிவகத்தைப் படியுங்கள். பிடிஎச்போர்ட் சேவையின் அளவுருக்களுக்குள் சாவிகள் என்ற கிளையில் அடாப்டர் முகவரியும், அதற்குள் ஹெட்போன் முகவரியும், அதற்கெதிரே பதினாறு பைட் நீளச் சாவியும் இருக்கும். லினக்ஸில் வார், லிப், புளூடூத் என்று அடைவுகளுக்குள் சென்றால் அடாப்டர் முகவரியிலும் ஹெட்போன் முகவரியிலும் பெயரிட்ட அடைவுகளுக்குள் இன்ஃபோ என்ற கோப்பு கிடைக்கும். அதில் லிங்க்கீ பகுதியின் சாவி வரியில் விண்டோஸின் சாவியை இடைவெளியில்லாமல் பெரிய எழுத்துகளில் இட்டு, புளூடூத் சேவையை மறுதொடக்கம் செய்தால் இரண்டிலும் இணையும். இந்தக் கோப்பைத் திருத்த நிர்வாகி உரிமை தேவை. திருத்துவதற்கு முன் ஒரு படி எடுத்து வையுங்கள்.

எதிலும் அடங்காத குறை

மேலே சொன்ன எதற்கும் பொருந்தாமல் குறை தொடர்ந்தால், உங்கள் வழங்கலின் பிழைப்பதிவில் எழுதுங்கள். கட்டற்ற மென்பொருளில் புளூடூத் இந்த நிலைக்கு வந்ததே இப்படிப்பட்ட பதிவுகளால்தான் என்பதால், எழுதுவதில் தயங்க வேண்டாம். இரண்டு முனையங்களைத் திறந்து ஒன்றில் "சூடோ ஜர்னல்சிடிஎல் -எஃப் -யூ புளூடூத்" என்றும் மற்றொன்றில் "ஜர்னல்சிடிஎல் --யூசர் -எஃப் -யூ வயர்பிளம்பர்" என்றும் ஓடவிட்டு, குறையை ஒருமுறை நிகழ்த்திக் காட்டி, அந்தச் சில நொடிகளின் வரிகளை மட்டும் எடுங்கள். கெர்னல், புளூஸீ, ஒலிச் சேவையகம் ஆகிய மூன்றின் பதிப்பு எண்கள், எல்எஸ்யூஎஸ்பி காட்டும் அடாப்டர் எண், ஹெட்போனின் மாதிரிப் பெயர், அதே ஹெட்போன் கைபேசியில் சரியாக இயங்குகிறதா என்ற விவரம் ஆகியவற்றைச் சேருங்கள். பதிவேட்டில் உங்கள் கருவிகளின் புளூடூத் முகவரிகள் முழுமையாக இருக்கும். அனுப்புவதற்கு முன் அவற்றின் பின்பாதியை மறைத்துவிடுங்கள். லிங்க்கீ வரியை எங்கும் ஒட்டக் கூடாது.